நள்ளிரவில் அம்மாவை ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்கள்; இது சட்டப்படி சரியா?

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. போன மாதம் தனியாக ரயிலில் போனார். ஆன்லைனில் எடுத்த ஸ்லீப்பர் டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்றுவிட்டது. அது தெரியாமல் ஏறிவிட்டார். இரவு 1 மணிக்கு வந்த டிக்கெட் பரிசோதகர் அபராதம் கேட்டார். அம்மாவிடம் 300 ரூபாய்தான் இருந்தது. "காலையில் என் மகன் கட்டிவிடுவான்" என்று கெஞ்சியும், ஒரு சின்ன ஸ்டேஷனில் இறக்கிவிட்டார். விடியும்வரை பிளாட்பாரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். டிக்கெட் விஷயத்தில் தவறு எங்கள் பக்கம்தான். அதற்காக இப்படிச் செய்யலாமா?

பதில்: செய்யவே கூடாது. படிக்கும்போதே மனம் பதைத்தது.

முதலில் டிக்கெட். ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டில் ஒருவருக்குக்கூட இடம் உறுதியாகவில்லை என்றால், சார்ட் தயாரானதும் அது தானாகவே ரத்தாகிவிடும், பணமும் திரும்ப வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு ஏறினால் டிக்கெட் இல்லாத பயணம்தான். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 138ஆம் பிரிவுப்படி பயணக் கட்டணத்தோடு, அதே அளவு தொகை அல்லது 250 ரூபாய், இதில் எது அதிகமோ அதையும் சேர்த்துக் கேட்கலாம். பரிசோதகர் பணம் கேட்டதில் தவறில்லை. ஏமாற்றும் எண்ணத்தோடு பயணம் செய்பவர்களுக்கான 137ஆம் பிரிவு, 6 மாதம்வரை சிறைத்தண்டனை சொல்வது, உங்கள் அம்மாவுக்குப் பொருந்தாது. பணம் கொடுத்து டிக்கெட் எடுத்ததற்கான பதிவு உங்களிடம் இருக்கிறது. அந்தப் பயம் வேண்டாம்.

பணம் கட்டாதவரை இறக்கிவிட 139ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. ஆனால் அதே பிரிவே கடிவாளமும் போடுகிறது. ஆண் துணையில்லாமல் வரும் பெண்ணையோ குழந்தையையோ, அவர்கள் ஏறிய ஸ்டேஷன், ஜங்ஷன், ரயில் கடைசியாகப் போய்ச் சேரும் ஸ்டேஷன், மாவட்டத் தலைநகரில் உள்ள ஸ்டேஷன் ஆகிய இடங்களில் மட்டுமே இறக்கலாம். அதுவும் பகலில் மட்டுமே. அம்மா இறக்கப்பட்டது நள்ளிரவில். அந்தச் சின்ன ஸ்டேஷன் இந்த நான்கில் எதிலும் வராது என்றால், இரண்டு நிபந்தனைகளும் மீறப்பட்டிருக்கின்றன. டிக்கெட் இருந்ததா இல்லையா என்ற கேள்வியே இங்கே எழாது; இந்தப் பாதுகாப்பு டிக்கெட் இல்லாத பெண்ணுக்காகவே எழுதப்பட்டது. பணம் வராதே என்று பரிசோதகர் கவலைப்படவும் வேண்டியதில்லை. மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்து வசூலிக்க 138ஆம் பிரிவிலேயே வழி இருக்கிறது.

இனி செய்ய வேண்டியது. ரயில் எண், தேதி, பிஎன்ஆர், இறக்கிவிட்ட ஸ்டேஷன், நேரம் எல்லாவற்றையும் குறிப்பிட்டு 'ரயில் மதத்' தளத்தில் புகார் பதியுங்கள். அந்தக் கோட்டத்தின் சீனியர் வணிக மேலாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு புகார் போகட்டும். கேமரா பதிவுகள் அதிக நாள் இருக்காது. ஸ்டேஷன் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி அதிலேயே கேளுங்கள். இதை இன்றே செய்யுங்கள். பணியில் இருந்த பரிசோதகர் யார் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அன்றிரவு அம்மா உங்களுக்குப் போன் செய்திருந்தால் அந்த அழைப்பு விவரமும் சாட்சிதான்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று பலரும் கேட்பார்கள். டிக்கெட் பணம் திரும்பி வந்துவிட்டதால், "இவர் எங்கள் நுகர்வோரே அல்ல" என்று ரயில்வே வாதாடும். அந்த வாதத்தில் கொஞ்சம் வலுவும் உண்டு. ஆகவே தேசிய மனித உரிமை ஆணையத்தையே நான் முதலில் சொல்வேன். கட்டணம் இல்லை, ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும்.

ஒன்றை மட்டும் அம்மாவிடம் பொறுமையாகக் கேளுங்கள். அந்த 300 ரூபாயைப் பரிசோதகர் வாங்கினாரா? வாங்கியிருந்தால் ரசீது கொடுத்தாரா? ரசீது இல்லாமல் வாங்கியிருந்தால், புகாரின் முதல் வரியிலேயே அதை எழுதுங்கள்.