பச்சை லேபிளில் சதவீதம் எங்கே?

பிரிட்டனில் அசோஸ், பூஹூ, ஜார்ஜ் ஆகிய மூன்று ஆடை பிராண்டுகளும் 'பசுமை' விளம்பரத்துக்காக மாட்டிக்கொண்டனவே, எவ்வளவு அபராதம் கட்டின?
– வாசகர், மதுரை

ஒரு பவுண்டுகூடக் கட்டவில்லை. போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2022 ஜூலையில் விசாரணையைத் தொடங்கி, 2024 மார்ச்சில் மூன்றிடமும் எழுத்துபூர்வ உறுதிமொழி வாங்கி முடித்துக்கொண்டது. குற்றம் செய்ததாகத் தீர்ப்பு எதுவும் இல்லை. அப்போது ஆணையம் நீதிமன்றம் போகாமல் தானே அபராதம் போட முடியாது. 2025 ஏப்ரல் 6 முதல் முடியும்; உலக விற்றுமுதலில் 10% வரை.

ஆனாலும் அந்த உறுதிமொழி லேசுப்பட்டதல்ல. 'ஈக்கோ', 'பொறுப்பான' என்று மொட்டையாகப் போடக் கூடாது. மறுசுழற்சி இழையா, ஆர்கானிக்கா, எத்தனை சதவீதம் என்பது கண்ணில் படும்படி இருக்க வேண்டும். இலைப் படம் போட்டு, இல்லாத பசுமையைக் காட்டக் கூடாது. இணையக் கடையில் 'மறுசுழற்சி' ஃபில்டரைத் தட்டினால், பெரும்பகுதி மறுசுழற்சிப் பொருளால் ஆன உடைகள் மட்டுமே வர வேண்டும். இதற்குக் காரணம் உண்டு: பசுமை வரிசையில் விற்ற சில உடைகளில் மறுசுழற்சித் துணி 20% மட்டுமே இருக்கக்கூடும் என்பதுதான் விசாரணையின் தொடக்கத்திலேயே ஆணையத்தை உறுத்தியது. மீதி 80% பற்றி வாங்குபவருக்கு யார் சொல்வது?

'மூங்கில் துணி' என்று விற்கும் படுக்கை விரிப்பு சூழலுக்கு நல்லதா?
– வாசகி, கோவை

வாஷ்கேர் லேபிளைப் பாருங்கள். 'விஸ்கோஸ்' அல்லது 'ரேயான்' என்று இருந்தால் அதில் மூங்கில் நார் இல்லை. மூங்கில் கூழைக் காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்ஃபைடிலும் கரைத்து, நுண்துளை வழியாக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சி எடுக்கும் இழை அது. யூகலிப்டஸ் கூழிலும் இதே ரேயான்தான் வரும். அமெரிக்காவில் இப்படிப்பட்ட ரேயானை மூங்கில் என்றும் சூழலுக்கு உகந்தது என்றும் விற்றதாக ஃபெடரல் டிரேட் கமிஷன் தொடுத்த வழக்கில், 2022-ல் வால்மார்ட் 30 லட்சம் டாலரும் கோல்ஸ் 25 லட்சம் டாலரும் செலுத்த ஒப்புக்கொண்டன.

லண்டன் பையர் ஹேங்டேக்கில் (ஆடையில் தொங்கும் அட்டை) 'ஆர்கானிக்' போடச் சொல்கிறார். எங்களிடம் காட்ஸ் (GOTS, ஆர்கானிக் துணிக்கான சர்வதேசத் தரநிலை) ஸ்கோப் சான்றிதழ் இருக்கிறது. போதாதா?
– பின்னலாடை ஏற்றுமதியாளர், திருப்பூர்

போதாது. ஆர்கானிக் சரக்கைக் கையாள உங்கள் யூனிட்டுக்குத் தகுதி உண்டு என்பதை மட்டுமே அது சொல்லும். இந்த ஷிப்மெண்ட் ஆர்கானிக்தான் என்று நிரூபிப்பது டிசி, அதாவது பரிவர்த்தனைச் சான்றிதழ். நூல் வாங்கும்போதே மில்லிடம் டிசி கேளுங்கள். சரக்கு போன பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள். ஜாப் ஒர்க் கொடுக்கும் சாயப்பட்டறையும் சான்று வளையத்துக்குள் இருக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். எடைக் கணக்கும் உதைக்கும்: 1,000 கிலோ நூலுக்கு டிசி வைத்துக்கொண்டு 1,000 கிலோ ஆடைக்குக் கேட்டால், கட்டிங் வேஸ்ட் எங்கே என்று சான்றளிப்பு நிறுவனம் கேட்கும்.

காட்ஸ் விதிப்படி ஆர்கானிக் இழை 95%-க்குக் குறையாவிட்டால்தான் 'ஆர்கானிக்' என்று போடலாம். 70%-லிருந்து 95%-க்குள் இருந்தால் 'இத்தனை சதவீதம் ஆர்கானிக் இழையால் ஆனது' என்றுதான் போட வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் அனுப்புகிறீர்களா? அங்கே 2026 செப்டம்பர் 27 முதல், சான்றளிப்புத் திட்டமோ அரசு அமைப்போ பின்னால் இல்லாத பசுமை முத்திரைகளுக்குத் தடை. பையர் தானே வரைந்து அனுப்பும் இலை முத்திரையை அச்சடிக்கும் முன், அது எந்தத் திட்டத்தின் கீழ் வருகிறது என்று மெயிலில் பதில் வாங்கி வையுங்கள்.