‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நாடகத்தை ஏன் திரும்பத் திரும்ப மேடையேற்றுகிறார்கள்?

கதை பழசாகவில்லை என்பது பாதிக் காரணம்தான். அதன் நாயகனான வில்லி லோமன் என்ற வயதான விற்பனைப் பிரதிநிதியின் பாத்திரம் ஒவ்வொரு நடிகரிடமும் வேறு ஆளாகிவிடுகிறது என்பதே முக்கியமான காரணம் என்பேன்.

ஆர்தர் மில்லர் எழுதிய இந்த நாடகம் 1949 பிப்ரவரியில் நியூயார்க்கின் மொரோஸ்கோ அரங்கில் எலியா கசான் இயக்கத்தில் தொடங்கி, 742 முறை நடந்தது. மில்லர் மனதில் இருந்தது மூன்று வெறும் மேடைகள் மட்டுமே. மேடை வடிவமைப்பாளர் ஜோ மீல்சினர்தான் வில்லியின் வீட்டை எலும்புக்கூடு போல வடிவமைத்தார். கூரைக்கு வெறும் சட்டகம். சுற்றிலும் நெருக்கும் அடுக்குமாடிகள். வில்லி பழைய நினைவில் மூழ்கும்போது ஒளியால் வீடு முழுக்க இலைகள் படரும். சுவர் இருந்த இடத்தையே கடந்து பாத்திரங்கள் முன்னால் நடந்து வருவார்கள். காட்சி மாற்றத் திரை போட வேண்டியதே இல்லை!

வில்லியாக முதலில் நடித்த லீ ஜே. காப் ஆஜானுபாகு. அதனால் வில்லியின் குள்ள உருவத்தைக் கிண்டலடிக்கும் வசனத்தை மாற்ற வேண்டியதாயிற்று. 1984இல் உயரம் குறைந்த டஸ்டின் ஹாஃப்மன் நடித்தபோது பழைய வசனமே திரும்பியது. இடையில், 1983இல் பெய்ஜிங்கில் சீன நடிகர்களை வைத்து மில்லரே இயக்கினார்.

2012இல் ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன் நடித்தபோது, இயக்குநர் மைக் நிக்கோல்ஸ் மீல்சினரின் வடிவமைப்பையே மறுபடி கொண்டுவந்தார். 2022இல் வெண்டல் பியர்ஸ் வில்லியாக நடிக்க, நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் உள்ள பிராட்வேயில் முதன்முறையாக லோமன் குடும்பம் கறுப்பினக் குடும்பமானது. வேலை பறிபோகும் காட்சியில், வயதில் சின்ன வெள்ளை முதலாளியிடம் அவர் கெஞ்சும்போது, அதே வசனத்துக்கு வேறொரு கனம் வந்துவிடுகிறது.