கருத்துப் படிவம் மட்டும் கொடுத்தால் போதாதா?

கேள்வி: உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குத் துணைப்பாடமும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஆங்கில வகுப்பும் நடத்துகிறோம். பலனை மதிப்பிடும்போது அவர்களை எப்படிச் சேர்ப்பது?

படிவம் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னாலேயே அவர்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். எதைக் கேட்பது என்று தீர்மானிக்கும் இடத்தில்தான் பாதி மதிப்பீடு முடிந்துவிடுகிறது.

ஆய்வாளர் ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதியபோது, பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாகக் காட்டினார். கீழ் மூன்று படிகளும் பங்கேற்பே இல்லை என்றார்: ஆட்டிவைப்பது, அலங்காரம், பேருக்குச் சேர்ப்பது. மேடையில் இரண்டு மாணவர்களை உட்காரவைத்துப் படம் எடுப்பது இந்த ரகம்தான்.

நான் தொண்டூழியம் செய்த ஒரு வகுப்பில் "மதிப்பெண் கூடியதா?" என்றுதான் கேட்டோம். பிள்ளைகளிடமே கேள்வி எழுதச் சொன்னதும் ஒரு பெண் எழுதினாள்: "தப்பாகப் பதில் சொன்னால் இங்கே யாராவது சிரிக்கிறார்களா?" எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

ஊழியர்கள் விஷயத்தில் நேரமும் இடமும் முக்கியம். வார நாளில் வேலை முடிந்து தங்குவிடுதிக்குப் போனவரைப் பிடித்து இருபது கேள்வி கேட்டால், "எல்லாம் நல்லாருக்கு சார்" என்பார். ஓய்வுநாளில், சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காப் பக்கம் தேநீரோடு, அவர் மொழியில் பேசுங்கள். முதலாளியோ வகுப்பு ஆசிரியரோ பக்கத்தில் இருக்கக் கூடாது. பெயர் குறிக்காதீர்கள். பாதியில் வகுப்பை விட்டவர்களையும் தேடிப் பிடியுங்கள், குறை அவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம், முடிவுகளை நன்கொடையாளருக்கு அனுப்புமுன் அந்த மாணவர்களிடமும் ஊழியர்களிடமும் காட்டி, "சரியா எழுதியிருக்கோமா?" என்று கேளுங்கள்.