வோல்டேஜும் கரண்டும் தெரிந்தால் மின்தடையையும் வாட்டையும் எப்படிக் கணக்கிடுவது?

மின்தடை என்பது கரண்டின் ஓட்டத்துக்குக் கம்பி காட்டும் எதிர்ப்பு, அலகு ஓம். வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் அது கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் வாட், அதாவது நொடிக்குச் செலவாகும் ஆற்றல்.

தாமிரபரணிக் கால்வாய் மடையை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிற்கும் உயரம் வோல்டேஜ், வயலுக்குள் பாய்வது கரண்ட், மடைக்குழாயின் குறுகல் மின்தடை. உயரம் இறங்கினால் பாய்ச்சலும் குறையும்.

இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் இழுத்தால் தடை சுமார் 53 ஓம், திறன் 1000 வாட். அம்பாசமுத்திரம் பக்கத்து வீடொன்றில் சாயங்காலம் 180 வோல்ட்தான் வருகிறது என்று வையுங்கள். தடை ஏறக்குறைய மாறாது. கரண்ட் 3.4 ஆம்பியர், திறன் வெறும் 612 வாட். வோல்டேஜ், கரண்ட் இரண்டும் சேர்ந்தே குறைவதால்தான் சூடு இவ்வளவு விழுகிறது.

பெட்டி சூடேறும்போதே இரண்டையும் அளவிடுங்கள். வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டருக்குள் ஒற்றை வயர்தான் இருக்க வேண்டும். இரண்டு வயரையும் சேர்த்துப் பிடித்தால் எதிரெதிர் கரண்ட் கழிந்து பூஜ்யம் காட்டும். குண்டு பல்பை அணைத்துவைத்துத் தடை பார்ப்பதும் வீண். எரியும்போது 529 ஓம் உள்ள 100 வாட் பல்பு, ஆறியபின் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது.

'வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் கூடும்' என்பது பாரம் இழுக்கும் பம்புசெட் மோட்டாருக்குச் சரி, இஸ்திரிப் பெட்டிக்கும் ஹீட்டருக்கும் தவறு.