விட்ட படிப்பை மறுபடி எடுப்பது எப்படி?

கேள்வி: எனக்கு வயது 27. காவேரிப்பட்டணம் பக்கம் கிராமம். பி.எஸ்சி. முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். குரூப் 4 தேர்வை இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் கட் ஆஃப் பக்கத்தில் போய்க் கைவிட்டுப் போனது. மூன்று மாதமாகப் புத்தகத்தைத் தொடவில்லை. ஒவ்வொரு முதல் தேதியும் புது டைம்டேபிள் போடுகிறேன் (இணைத்திருக்கிறேன்), ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. வீட்டில் 'போதும், விட்டுடு' என்கிறார்கள். விடவும் மனசில்லை, படிக்கவும் மனசு ஒட்டவில்லை. என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் உங்கள் டைம்டேபிளையே பார்ப்போம். காலை 4 முதல் 6 வரை தமிழ், இரவு 8 முதல் 10 வரை பொது அறிவு, ஏழு நாளும் இதேதான். காலை ஷிஃப்ட் என்றால் 4 மணிக்குக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பீர்கள். இரண்டாம் ஷிஃப்ட்டில் வீடு வந்து சேரவே நள்ளிரவு ஆகிவிடும், அப்புறம் 4 மணிக்கு எழுவது எப்படி? இரவு ஷிஃப்ட்டில் 8 மணிக்கு மேல் பஸ்ஸில் இருப்பீர்கள், விடியற்காலை 4 மணிக்கு மெஷின் முன்னால் நிற்பீர்கள். இந்த அட்டவணையை எந்த வாரத்திலும் யாராலும் முழுசாகக் கடைப்பிடிக்க முடியாது. அது உடைந்ததற்கு உங்கள் மன உறுதியைக் குறை சொல்லாதீர்கள்.

ஷிஃப்டுக்கு ஒன்றாக மூன்று அட்டவணை போடுங்கள். இரண்டாம் ஷிஃப்ட் வாரம்தான் உங்களுக்குக் கிடைக்கிற நல்ல வாரம். நன்றாகத் தூங்கி எழுந்து, காலை 8.30 முதல் 10 வரை கடினமான பாடத்தை வைத்துக்கொள்ளுங்கள். காலை ஷிஃப்ட் வாரத்தில் மதியம் வந்து ஒரு தூக்கம் போட்டு, மாலை ஒரு மணி நேரம் போதும். இரவு ஷிஃப்ட் வாரத்தில் புதுப் பாடமே வேண்டாம். தூக்கம் கெட்ட மூளையில் புதிதாக எதுவும் நிற்காது. ஏற்கெனவே படித்ததிலிருந்து தினம் பத்துக் கேள்வி, அவ்வளவுதான். அந்தப் பத்தையும் 'நேரம் கிடைக்கும்போது' என்று விடாதீர்கள். 'பஸ்ஸில் சீட்டில் உட்கார்ந்ததும் பத்துக் கேள்வி' என்று ஓர் இடத்தோடு கட்டிப்போடுங்கள். இது நடந்தால் இதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பவர்கள் சொன்னதைச் செய்து முடிப்பது அதிகம் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான்.

அடுத்து, அந்த முதல் தேதிப் பழக்கம். 7-ஆம் தேதி ஒரு நாள் தவறியதும் 'போனது போச்சு, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று தோன்றுகிறது அல்லவா? உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களிடம் இதே மனநிலையை ஜேனட் பொலிவி, பீட்டர் ஹெர்மன் என்ற கனடா ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு வேளை கட்டுப்பாடு தவறியதும், 'இன்றைக்குக் கெட்டுவிட்டது' என்று மீதி நாளையும் விட்டுவிடுகிறார்கள். நஷ்டம் அந்த ஒரு வேளையால் வருவதில்லை, அதற்குப் பின்னால் விட்டதால் வருகிறது. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழு, புதுப் பழக்கம் ஒன்றை ஆரம்பித்த 96 பேரைப் பின்தொடர்ந்தது. பழக்கம் படிய சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்று கணக்கு வந்தது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பைத் தரவில்லை. எனவே முதல் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். 7-ஆம் தேதி தவறினால் 8-ஆம் தேதி பஸ்ஸில் அந்தப் பத்துக் கேள்வி. விட்டதை ஈடுகட்ட இருபது என்று ஏற்றவும் வேண்டாம்.

இனி, கட் ஆஃபைத் தொட்டும் தொடாமல் போனது ஏன் என்று பாருங்கள். இது மனசுக்குக் கஷ்டமான வேலை. அதனால்தான் பலர் இதைத் தவிர்த்துவிட்டு நேராகப் புதுப் புத்தகம் வாங்கப் போய்விடுகிறார்கள். குரூப் 4-ல் 200 கேள்வி, 300 மதிப்பெண். ஒரு கேள்விக்கு ஒன்றரை. பழைய வினாத்தாளும் விடைக்குறிப்பும் தேர்வாணைய இணையதளத்தில் இருக்கின்றன. ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள்: படிக்கவே இல்லை, படித்து மறந்தேன், தெரிந்தும் அவசரத்தில் விட்டேன். படிக்காததற்குப் பாடம் வேண்டும். மறந்ததற்குத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிடப் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்ப்பது நல்லது. அவசரத்துக்கு மருந்து, மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதும் மாதிரித் தேர்வு. கணக்கும் திறனறிவும் சேர்த்து 25 கேள்வி, 37.5 மதிப்பெண். தனிவட்டி, சதவீதம், நேரமும் வேலையும் என்று திரும்பத் திரும்ப ஒரே வகைக் கணக்குகள்தான். 'எனக்குக் கணக்கு வராது' என்று அந்தப் பக்கமே போகாதவர்கள் நிறையப் பேர். நீங்கள் அந்த வகையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைச் செய்யும்போது உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். கண்டிப்பாக இருந்தால்தான் உருப்படுவோம் என்று நாம் வளர்ந்திருக்கிறோம். ஆனால் கலிஃபோர்னியாவில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், தேர்வில் சறுக்கிய பிறகு தங்களைக் கனிவாக நடத்திக்கொள்ளச் சொல்லப்பட்ட மாணவர்கள்தான் அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தார்கள்.

தனியாகப் படிப்பதும் சோர்வைக் கூட்டும். கிருஷ்ணகிரி மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டத்தில் இலவசப் பயிற்சி நடக்கிறதா என்று விசாரியுங்கள். ஷிஃப்ட்டால் வகுப்புக்குப் போக முடியாவிட்டாலும், கூடப் படிக்கிற இரண்டு பேர் அறிமுகமானாலே நல்லது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மனசு ஒட்டாதது படிப்போடு நிற்காமல், இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு, தூக்கம், பேச்சு எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால் அது சோம்பல் கிடையாது, சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

வீட்டில் சொல்வதற்கு: 'விடமாட்டேன்' என்று மல்லுக்கு நிற்க வேண்டாம், ஒரு கெடு சொல்லுங்கள். அடுத்த குரூப் 4 வரை இப்படிப் படிக்கிறேன், முடிவு வந்த பிறகு, அந்த வாரமே இல்லாமல் ஒரு மாதம் கழித்து உட்கார்ந்து பேசுவோம் என்று அப்பா, அம்மாவிடம் கேளுங்கள். நீங்கள் பட்டதாரி என்பதால் குரூப் 2 தேர்வும் எழுதலாம், இப்போது படிப்பதில் பெரும்பகுதி அதற்கும் உதவும் என்பதையும் அப்போதே சொல்லிவையுங்கள்.