வளையல் அடகுக்கடைக்குப் போக வேண்டாம், அண்ணாச்சி

போன சனிக்கிழமை அருப்புக்கோட்டையிலிருந்து குடும்பத்தோடு வந்தீர்கள். “ஓட்டக்காரப் பாப்பாவை அடுத்து எதில சேர்க்கலாம், யோசிச்சுச் சொல்லுங்க” என்றீர்கள். யோசித்துவிட்டேன். இன்னொரு வருஷம் நீட் கோச்சிங் வேண்டாம்.

விடைக்குறிப்பை வைத்துக் கூட்டினால் 720-க்கு 210 வருகிறது. பெரியப்பா சொல்கிற விடுதி வகுப்புக்கு ஒன்றரை லட்சம். அதற்கு அம்மாவின் வளையல் போக வேண்டும். யோசனை பெரியப்பாவுடையது, வட்டி உங்களுடையது. பன்னிரண்டாம் வகுப்பு என்று சொல்லிப் பள்ளியில் பாப்பாவை வருஷம் முழுக்க மைதானத்துப் பக்கமே விடவில்லை. “காலையில ஓடலைன்னா படிப்பு ஏறாது சார்” என்று அவள் உங்கள் முன்னால்தானே சொன்னாள்?

பொறியியலில் விளையாட்டு ஒதுக்கீடு இருப்பது உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள். நான் சொல்வது கலைக் கல்லூரி. முகம் சுளிக்காதீர்கள். தடகளத்துக்கென்று தேர்வு ஓட்டம் வைத்து, தேறியவர்களுக்குக் கட்டணமில்லாமல் இடம் தரும் கல்லூரிகள் உண்டு. சில இடங்களில் விடுதியும் சாப்பாடும்கூட. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிய ரேவதி, மதுரை லேடி டோக் கல்லூரியில் படித்தவர். அப்புறம் ரயில்வே வேலை. எல்லாரும் ரேவதி ஆகிவிட முடியாது, சரி. ஆனால் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் 25 வயது வரைதான் ஓடலாம். அதில் ஓடினால் கிடைப்பது ஃபார்ம் 3 என்ற சான்றிதழ். மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு அது செல்லும். தமிழக அரசுப் பணியிலும் 3 சதவீதம் இருக்கிறது. காலில் அடிபட்டு ஓட்டம் நின்றாலும் டிகிரி நிற்கும். அதை வைத்து, உடற்கல்வி ஆசிரியர் ஆவதற்கான இரண்டு வருட பி.பி.எட். சேரலாம்.

கல்லூரி பார்க்கப் போனால் முதல்வர் அறை வேண்டாம். காலை ஆறு மணிக்கு மைதானத்துக்குப் போங்கள். எத்தனை பிள்ளைகள் ஓடுகிறார்கள், கோச் வந்து நிற்கிறாரா, தடை ஓட்டத்துக்கான தடைகளெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். போட்டிக்குப் போகும் நாளுக்கு ஓ.டி. தந்து வருகைப் பதிவு போடுகிறார்களா, விடுதியில் முட்டை உண்டா என்று சீனியர் பிள்ளைகளிடம் கேளுங்கள். இலவசம் மூன்று வருஷத்துக்குமா, நடுவில் காயம் பட்டால் பணம் கட்டச் சொல்வார்களா? இதை மட்டும் எழுதி வாங்காமல் சேர்க்காதீர்கள்.

அப்புறம், சான்றிதழ்களை லேமினேட் பண்ணக் கொடுத்திருப்பதாக அம்மா சொன்னார்கள். பின்பக்கம் சீல் வைக்க வேண்டி வந்தால் வம்பு. கடைக்கு இப்போதே போன் போட்டு நிறுத்துங்கள்.