ஒரே சொட்டு மருந்து ஊருக்கு ஊர் வேறுபட்டுப் பலன் தருவது ஏன்?

வெளிநாட்டில் நன்றாகப் பயன்தரும் தடுப்பு மருந்தை இங்கே மறுபடியும் பல ஆண்டுகள் சோதிப்பது வீண்செலவுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். வாய்வழியாகக் கொடுக்கும் சொட்டு மருந்துகளைப் பொறுத்தவரை அது வீண்செலவு அன்று என்பதே, கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பிப்பவன் என்ற முறையில் என் பதில். சான்றுக்கு வேலூரைத் தாண்டிச் செல்ல வேண்டியதில்லை.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வைரஸ் ஆய்வாளராக இருந்த டி. ஜேக்கப் ஜான், 1970களின் தொடக்கத்திலேயே ஒரு சங்கடமான உண்மையை எழுதினார். மேலை நாட்டுக் குழந்தைகளில் ஏறத்தாழ அனைவருக்கும் எதிர்ப்பொருளை (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதத்தை) உருவாக்கிய மூன்று தவணை போலியோ சொட்டு மருந்து, இங்குள்ள குழந்தைகளில் கணிசமானோருக்கு அதை உருவாக்கவில்லை. மருந்து வெப்பத்தில் கெட்டிருக்கும் என்பதே எவருக்கும் முதலில் தோன்றும் ஐயம். ஆனால் வீரியம் குன்றாத மருந்தைக் கொடுத்தாலும் நிலை மாறவில்லை. 1995 முதல் முகாம்களிலும், பின்னர் நம் வீட்டு வாசலுக்கே வந்தும் மீண்டும் மீண்டும் சொட்டு மருந்து கொடுத்தார்களே, அத்தனை தவணைகள் ஏன் தேவைப்பட்டன என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இயற்கையில் பரவும் போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட நாட்டின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்டார்.

குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் பற்றிய ஆய்வு இன்னும் சுவையானது. மெக்சிகோவில் நடந்து 1996இல் வெளியான ஆய்வின்படி, இருமுறை தொற்று வந்துபோன குழந்தைக்கு அதன்பின் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு வரவேயில்லை. வேலூரில் 2002 முதல் 373 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து மூன்று வயது வரை பின்தொடர்ந்தார்கள். களப்பணியாளர்கள் வாரம் இருமுறை வீடுதேடிச் சென்றனர். குழந்தை நலமாக இருந்தாலும் இரு வாரங்களுக்கு ஒருமுறை மல மாதிரி எடுக்கப்பட்டது. இதே போன்ற வேறொரு கள ஆய்வில் பணியாற்றிய என் மாணவியிடம் ஒரு பாட்டி, "பிள்ளை பீயை வாங்கிக்கிட்டுப் போயி என்னம்மா பண்ணப் போறே?" என்று கேட்டாராம். நோய் எதிர்ப்பாற்றல் குறித்த ஆய்வில் பெரும்பகுதி அந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்வதில்தான் கழிகிறது. வேலூரில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள்ளேயே தொற்று வந்துவிட்டது. மூன்று முறை வந்த பின்னும் நடுத்தரமான அல்லது கடுமையான நோய்க்கு எதிரான பாதுகாப்பு 79 விழுக்காட்டைத் தாண்டவில்லை.

இயற்கைத் தொற்றே முழுக் காப்பளிக்காத இடத்தில் மருந்திடம் அதைவிட மிகுதியாக எதிர்பார்க்க இயலாது. லத்தீன் அமெரிக்காவில் 85 விழுக்காடு பலன் காட்டிய ரோட்டா மருந்து ஆப்பிரிக்காவின் மலாவியில் 49 விழுக்காட்டில் நின்றது. டெல்லியில் பிறந்த குழந்தைகளிடம் நோயை உண்டாக்காமல் தங்கியிருந்த 116இ என்ற வைரஸிலிருந்து உருவான ரோட்டாவாக் என்ற இந்தியச் சொட்டு மருந்து, டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு, கடுமையான நோயை ஏறக்குறைய 54 விழுக்காடு தடுத்தது. பாதிதானே என்று மாணவர்கள் முகம் சுளிப்பார்கள். வயிற்றுப்போக்கால் ஏராளமான குழந்தைகள் இறக்கும் நாட்டில் அந்தப் பாதி காப்பாற்றும் உயிர்கள், அரிதாகவே இறக்கும் நாட்டில் 85 விழுக்காடு காப்பாற்றுவதைவிட மிக அதிகம்.

சொட்டு மருந்தின் பலன் இங்கே ஏன் குறைகிறது என்பதற்குத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள், ஓயாத கிருமித் தாக்குதலால் வீங்கிய குடல் எனப் பல விளக்கங்கள் உண்டு. ஒன்று மட்டும் போதவில்லை. குடல் கிருமிகளைக் குறைத்தால் மருந்து நன்கு பிடிக்குமா என்று அறிய, வேலூரில் 754 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி, ஒரு பிரிவினருக்குப் போலியோ சொட்டுக்கு முன் மூன்று நாள் அசித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துப் பார்த்தார்கள். கிருமிகள் குறைந்தன, குடல் அழற்சியும் தணிந்தது. எதிர்ப்பொருள் மட்டும் கூடவில்லை. 2016இல் வெளியான இந்தத் தோல்வி, என் பார்வையில், பல வெற்றிகளைவிடப் பயனுள்ளது: அழகான ஊகம் ஒன்றை நம்பி நாடெங்கும் குழந்தைகளுக்கு அந்த நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுக்கும் தவறு தவிர்க்கப்பட்டது.

மாறாக, சொட்டு மருந்து ஏற்கெனவே பெற்ற குழந்தைக்குப் போலியோ ஊசி ஒன்றைப் போட்டால் குடலின் எதிர்ப்பாற்றல் கூடுகிறது என்பதை 2014இல் வெளியான வேலூர் ஆய்வு காட்டியது. ஆறாவது, பதினான்காவது வாரங்களில் உங்கள் குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுசென்றால், வாயில் சொட்டும் விட்டு, வலது மேற்கையின் தோலில் சிறு போலியோ ஊசியும் போடுவார்கள்.